ஒரே வாசலா, ஒரே கட்டளையா?

சில ஆண்டுகளுக்கு முன் பினாங்கின் பிறை நகரில் எங்கள் கிடங்கில் இறக்கிய ஓர் இயந்திரப் பெட்டியின் அடியில், மாவு சலித்ததுபோல் மரத்தூள் கொட்டிக் கிடந்தது. அடிப்பலகையில் கோதுமைக் கதிர் முத்திரையும் எச்.டி. என்ற எழுத்துகளும் தெளிவாகவே இருந்தன. மரத்தின் நடுப்பகுதிவரை 56 டிகிரி செல்சியசில் 30 நிமிடம் சூடேற்றியாகிவிட்டது என்று அதற்குப் பொருள். துளை மட்டும் இருந்தால் பழையது என்று விட்டுவிடலாம். புதுத் தூள் கொட்டினால் உள்ளே மரம் துளைக்கும் பூச்சி உயிரோடு இருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். யாரிடம் சொல்வது என்று கேட்டால், ஓர் அலுவலகம் இன்னொன்றைக் கைகாட்டியது, அது மூன்றாவதைக் கைகாட்டியது. இரண்டு நாள் அந்தப் பலகை, நான் சுற்றிய பிளாஸ்டிக் தாளுக்குள்ளேயே காத்துக் கிடந்தது.

சரக்கோடு வந்து சேரும் அந்நியப் பூச்சிக்கு யார் பொறுப்பு என்ற இந்தக் குழப்பத்துக்குச் சொல்லப்படும் தீர்வுகள் இரண்டு. நுழைவாயிலில் ஒரே அமைப்பு என்பது முதலாவது. மலேசியா அந்த வழியில்தான் போகிறது. பயிர், கால்நடை, மீன் சார்ந்த சரக்குச் சோதனையை 2011 சட்டத்தின்கீழ் மாக்கிஸ் என்ற தனிமைப்படுத்தல், சோதனைத் துறை ஏற்றது. 2025இல் நுழைவாயில் பணிகள் உள்துறை அமைச்சின் புதிய எல்லை அமைப்பான ஏகேபிஎஸ்ஸிடம் வந்தன. பெர்மிட்டுக்கு அலைபவர்களுக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் நுழைவாயிலின் வேலியைத் தாண்டிவிட்ட பூச்சி வேளாண்துறையின் பொறுப்பு. கப்பல் சாயாமலிருக்க அடியில் நிரப்பும் நிலைப்படுத்து நீரில் வரும் உயிரினம் என்றால் கடல்துறையும் வர வேண்டும். பூச்சிக்கு வேலி தெரியாது. பட்டர்வொர்த்துக்கு அந்தப் பக்கம் செபராங் பிறையின் நெல்வயல்கள், நீரிணையைத் தாண்டினால் பாலிக் புலாவின் டுரியானும் ஜாதிக்காயும்.

இரண்டாவது வழியில் துறைகள் பலவாகவே இருக்கும், ஆபத்து வந்தால் கட்டளை மட்டும் ஒரே கையில் இருக்கும். 1999இல் ஆஸ்திரேலியாவின் டார்வினில் அந்நியச் சிப்பி இனம் ஒன்று படகுத்துறைகளில் அப்பிக்கிடந்தது தெரியவந்தது. மூன்று படகுத்துறைகளை மூடி, குளோரினும் மயில்துத்தமும் கொட்டினார்கள். அங்கிருந்த மற்ற உயிர்களும் மடிந்தன, அது வலிக்கத்தான் செய்யும். ஆனால் நான்கே வாரங்களில் சிப்பி ஒழிந்தது. அடைக்கும் அதிகாரமும் ஆளும் பணமும் ஒன்றாக நகராமல் அது நடந்திருக்காது.

இந்த வழிக்கும் எல்லை உண்டு. 2001இல் அதே ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் சிவப்பு நெருப்பெறும்பு என்ற அந்நிய எறும்பினம் இரண்டு இடங்களில் கண்டுபிடிக்கப்பட்டது. துறைமுகத்தில் இருந்ததை ஒழித்துவிட்டார்கள். தென்மேற்குப் புறநகரில் இருந்தது முன்பே பரவியிருந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தப் போராட்டம் முடியவில்லை. தாமதமாகக் கண்ணில் பட்டதை எந்தக் கட்டளையாலும் எளிதில் மீட்க முடியாது.

ஆவணத்துக்கும் கொள்கலனுக்கும் முதல் வழியே சிறந்தது, அதைக் கலைக்கச் சொல்ல மாட்டேன். உயிருள்ள பூச்சி வெளியே வந்துவிட்டால் எனக்கு இரண்டாவதுதான் வேண்டும். அதுவும் முதல் வாரத்தில் யார் ஆணையிடுவார், யார் செலவை ஏற்பார் என்று முன்பே எழுதிக் கையொப்பமிட்டதாக இருக்க வேண்டும். கிடங்குச் சுவரில் ஒட்டிவைக்க ஒரே ஒரு தொலைபேசி எண் போதும். இரவு இரண்டு மணிக்கும் அதை எடுப்பவர், இது எந்தத் துறை என்று கேட்காமல், “பலகையை அசைக்காதீர்கள், வருகிறோம்” என்று சொல்ல வேண்டும்.