கண்ணாடிக்கு அப்பால் ஒரு சிறுமி: 1985-இன் ‘ஆலிஸ் இன் வொண்டர்லேண்ட்’

லூயிஸ் கரோல் 1865-லும் 1871-லும் வெளியிட்ட இரண்டு ஆலிஸ் கதைகளையும் சேர்த்து, இர்வின் ஆலன் தயாரிப்பில், ஹாரி ஹாரிஸ் இயக்கத்தில், அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சி 1985 டிசம்பர் 9, 10 ஆகிய இரண்டு இரவுகளில் ஒளிபரப்பிய இசைச் சித்திரம் இது. கவிழும் கப்பலையும் தீப்பற்றி எரியும் அடுக்குமாடிக் கட்டடத்தையும் வைத்துப் படமெடுத்துப் பெயர் பெற்ற ஆலன், அவற்றில் செய்ததைப் போலவே இங்கும் பெரியதொரு நட்சத்திரப் பட்டாளத்தைத் திரட்டியிருக்கிறார். ஆனால் மூன்று மணி நேரம் ஓடும் படத்தைத் தாங்கி நிற்பவர், ஏறக்குறையப் பத்து வயதில் ஆலிஸாக நடித்த நடாலி கிரெகரிதான்.

பெரியவர்களோடு தேநீர் அருந்த ஆசைப்படும் ஆலிஸிடம், அதற்கான வயது இன்னும் வரவில்லை என்று தாய் சொல்லிவிடுகிறார். அந்த ஏக்கத்தோடுதான் அவள் முயல் வளைக்குள் விழுகிறாள்; விழுந்த பிறகு, எதிர்ப்படுபவர்களிடமெல்லாம் வீட்டுக்கு வழி கேட்கிறாள். கரோலின் ஆலிஸ் இப்படி ஏங்குபவள் அல்லள் என்று மூலத்தில் தோய்ந்தவர்கள் குறைபட்டால் அது நியாயமே. இருப்பினும், கனவுபோல ஒன்றுக்கொன்று ஒட்டாமல் வரும் நிகழ்ச்சிகளைக் கோக்க ஒரு நூல் வேண்டும். திரைக்கதை எழுதிய பால் ஜிண்டல் எடுத்த நூல் அறுந்துபோகாமல் கடைசிவரை தாங்குகிறது.

பாடல்களை ஸ்டீவ் ஆலன் எழுதியிருக்கிறார். கம்பளிப்புழுவாக வரும் சாமி டேவிஸ் ஜூனியர், கிழவர் வில்லியம் பற்றிய கரோலின் கவிதையைப் பாடி ஆடும்போது, அச்சில் படித்த வரிகளுக்குக் கால் முளைத்ததுபோல் இருக்கிறது. அதைவிடவும் என் மனத்தில் நின்றது வெள்ளை ராணியாக வரும் கரோல் சானிங்கின் காட்சி. நாளைக்கு ஜாம் உண்டு, நேற்றைக்கு உண்டு, இன்றைக்கு மட்டும் இல்லை என்ற தர்க்கத்தை அகன்ற கண்களோடும் கரகரத்த குரலோடும் அவர் பாடுவதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருக்கும்போதே, பேச்சு மெல்லக் கனைப்பாக மாறி, ராணி ஆடாகிவிடுகிறார். குழந்தைகள் ஒரு கணம் திடுக்கிடுவார்கள். வேடிக்கைக்கும் அச்சத்துக்கும் நடுவிலுள்ள அந்த மெல்லிய கோடுதான் கரோலின் உலகம். சானிங் அதன்மீது தடுமாறாமல் நடக்கிறார்.

எல்லோரும் அப்படி நடக்கவில்லை. பீட்டில்ஸ் குழுவின் ரிங்கோ ஸ்டார் போலி ஆமையாக வரும்போது, ஆமையைவிட ரிங்கோவே நம் கண்ணுக்குத் தெரிகிறார். இரண்டாம் பகுதியில் ஆளுக்குச் சில நிமிடம் என்று பிரபலங்கள் வந்து போக, கதை அணிவகுப்பாகிவிடுகிறது. அரங்க அமைப்புகளில் ஸ்டூடியோவின் சாயல் மறையவில்லை. லாயிட் பிரிட்ஜஸின் வெள்ளைக் குதிரைவீரன் மட்டும் அந்த நெரிசலிலும் நிதானமாக, ஒரு தாத்தாவின் கனிவோடு ஆலிஸிடம் பேசுகிறான்.

முதல் பகுதி முடியும் இடத்துக்காகவே இப்படத்தைப் பரிந்துரைப்பேன். ஒருவழியாக வீடு வந்து சேர்ந்த ஆலிஸ் பெற்றோரைக் கூப்பிடுகிறாள். அவர்கள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள். அவள் குரல் அவர்களுக்குக் கேட்கவில்லை, உருவமும் தெரியவில்லை. அந்தத் தனிமையில்தான் ஜாபர்வாக் என்னும் கொடிய விலங்கு வந்து நிற்கிறது. அது உடைக்குள் ஒரு மனிதர்தான் என்று தெரிந்தாலும், கிரெகரியின் முகத்தில் படரும் கலக்கம் நம்மையும் நம்ப வைக்கிறது. சிறு குழந்தைகளோடு பார்ப்பவர்கள் இரண்டு பகுதிகளையும் ஒரே நாளில் பார்த்து முடிக்காமல், அன்று ஒளிபரப்பியதைப் போலவே இரண்டு நாள்களாகப் பிரித்துப் பார்க்கலாம். ஆனால் முதல் நாள் இரவு, ஜாபர்வாக்கைக் கண்ட பிள்ளையைத் தனியே உறங்க அனுப்ப வேண்டாம்.