முயலண்ணன் கதையை யார் சொல்கிறார்கள்?

நரியண்ணன் தாரால் ஒரு பொம்மை செய்து வழியோரம் உட்கார வைக்கிறான். அந்தப் பக்கம் வந்த முயலண்ணன் அதற்கு வணக்கம் சொல்கிறான். பொம்மை வாயைத் திறக்கவில்லை. "மரியாதை தெரியாதா உனக்கு?" என்று ஓங்கி ஓர் அறை. கை ஒட்டிக்கொள்கிறது. இன்னொரு கை, இரண்டு கால், கடைசியில் தலை. மாட்டிக்கொண்டவன் கெஞ்சுகிறான்: "என்னை என்ன வேண்டுமானாலும் செய்துகொள், அந்த முட்புதரில் மட்டும் போட்டுவிடாதே." நரி சரியாக அங்கேயே தூக்கி எறிகிறான். முயலண்ணன் பிறந்து வளர்ந்ததே முட்புதரில்தான்!

அமெரிக்கத் தென் மாநிலங்களில் அடிமைகளாக இருந்த ஆப்பிரிக்க மக்கள் தங்கள் பிள்ளைகளுக்குச் சொன்ன கதை இது. பலம் எல்லாம் எதிராளியிடம் இருக்கும்போது வாயாலும் மூளையாலும் பிழைத்துக்கொள்ளும் கதை. இதைக் குழந்தைக்குப் படித்துக் காட்ட நினைத்தால் மூன்று பேரின் தொகுப்புகள் முக்கியமானவை: ஜோயல் சாண்ட்லர் ஹாரிஸ், ஜூலியஸ் லெஸ்டர், வர்ஜீனியா ஹாமில்டன். மூன்றையும் என் மகளுக்கு வாய்விட்டுப் படித்திருக்கிறேன். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ஹாமில்டனை வாங்குங்கள் என்பேன்.

ஹாரிஸ் ஜார்ஜியா மாநிலத்தின் ஈட்டன்டன் ஊரில் பிறந்த வெள்ளைக்காரர். பதின்ம வயதில் டர்ன்வோல்டு என்ற தோட்டத்தில் அச்சு வேலை பழகினார். அங்கிருந்த அடிமை மக்களின் குடிசைகளில் உட்கார்ந்து கேட்ட கதைகளைப் பின்னாளில் எழுதினார். முதல் தொகுப்பு 1880-இல் வந்தது. அவர் கேட்டு எழுதியதால் எத்தனையோ கதைகள் அழியாமல் தப்பின. அதை மறுக்க மாட்டேன்.

ஆனால் அவர் கதைகளுக்குப் போட்ட சட்டகம் என்னை உறுத்துகிறது. ரீமஸ் மாமா என்ற கறுப்பினக் கிழவர், தோட்டத்து முதலாளி வீட்டு வெள்ளைச் சிறுவனுக்குக் கதை சொல்கிறார். அடிமைக் காலத்தைப் பற்றி இவருக்கு இனிய நினைவுகள் தவிர வேறில்லை என்று ஹாரிஸ் முன்னுரையிலேயே எழுதுகிறார். தங்கள் பிள்ளைகள் பிழைத்துக்கொள்ளட்டும் என்று சொன்ன கதை, முதலாளி வீட்டுப் பிள்ளையைத் தூங்க வைக்கும் கதையாக மாறிவிட்டது. அதே ஈட்டன்டனில் பிறந்த எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர், தன் மரபில் பெரும்பங்கை ஹாரிஸ் திருடிக்கொண்டார் என்று எழுதினார். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது.

மொழியும் சிக்கல்தான். பேச்சு வழக்கைக் காட்டுகிறேன் என்று ஒவ்வொரு சொல்லையும் உடைத்து எழுதியிருக்கிறார். எல்லாரும் ஒரே மாதிரி உச்சரிக்கும் 'says' என்ற ஆங்கிலச் சொல்லைக்கூட, பேசுபவர் படிக்காதவர் என்று தெரியட்டும் என்பதுபோல் 'sez' என்று எழுதுகிறார். ஆங்கிலத்தைப் பள்ளியில் கற்ற நம் குழந்தைகளால் அரைப் பக்கம் தாண்ட முடியாது. ஹாரிஸின் கதைகளை வைத்து டிஸ்னி 1946-இல் எடுத்த படத்தை அந்த நிறுவனமே அமெரிக்காவில் வீட்டு வீடியோவாக வெளியிட்டதில்லை.

லெஸ்டர் இந்தச் சட்டகத்தைத்தான் கழற்றி எறிந்தார். அமெரிக்கக் கறுப்பின மக்களின் சம உரிமைப் போராட்டத்தில் களத்தில் நின்றவர் அவர். 1987-இல் வந்த முதல் தொகுப்பில் 48 கதைகள். அப்புறம் இன்னும் மூன்று தொகுப்புகள். கேட்டுக்கொண்டிருக்கும் வெள்ளைச் சிறுவன் இல்லை. ரீமஸ் இருக்கிறார், வெறும் குரலாக. அந்தக் குரல் நேராக நம்மிடம் பேசுகிறது, நடுவில் கதையை விட்டு வேறெங்கோ போய்த் திரும்புகிறது, இன்றைய காலத்து விஷயங்களையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற பெரியவர் போல. ஜெர்ரி பிங்க்னியின் நீர்வண்ணப் படங்களும் அழகு. இரவில் ஒரு கதை என்று படித்துச் சிரிக்க இதுதான் பொருத்தம். ஒரு குறை உண்டு: முழுக்க முயலண்ணன் உலகம் என்பதால், இந்தக் கதைகளைச் சொன்னவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பது குழந்தைக்குத் தெரியாமல் போகலாம்.

அங்கேதான் ஹாமில்டன் முந்துகிறார். ஒஹாயோவின் யெல்லோ ஸ்பிரிங்ஸ் ஊர்க்காரர். அவருடைய தாத்தாவே அடிமைத்தனத்திலிருந்து தப்பி ஒஹாயோவுக்கு வந்தவர். 1985-இல் அவர் கொண்டுவந்த தொகுப்பில் 24 கதைகள், நான்கு பகுதிகள். முதலில் விலங்குக் கதைகள். தார் பொம்மை இங்கே உண்டு. பிறகு வேடிக்கைக் கதைகள், பேய்க் கதைகள், கடைசியில் விடுதலைக் கதைகள். ஒவ்வொரு கதைக்கும் பின்னால் அதன் வேர் பற்றிச் சிறு குறிப்பு. மூன்றாம் பகுதியைச் சின்னக் குழந்தைக்கு இரவில் படிக்காதீர்கள்.

விடுதலைப் பகுதியில் ஒரு கதை கற்பனையே அல்ல. கென்டக்கியில் அடிமையாக இருந்த ஆர்னால்டு கிராக்ஸ்டன், நிலவில்லாத இரவுகளில் தப்பி ஓடுகிறவர்களைப் படகில் ஏற்றி ஒஹாயோ ஆற்றைக் கடக்க வைத்தார். அவ்வளவு இருட்டு, ஏற்றிச் சென்ற பலரின் முகத்தைக்கூட அவர் பார்த்ததில்லை. முயலண்ணனின் தந்திரத்துக்குச் சிரித்த குழந்தை, அதே புத்தகத்தில் இந்த மனிதரிடமும் வந்து சேர்கிறது. மற்ற இரண்டிலும் எனக்கு இது கிடைக்கவில்லை.

கடைசிக் கதை பறக்கும் மனிதர்களைப் பற்றியது. ஆப்பிரிக்காவில் சிலருக்குப் பறக்கத் தெரியும். அடிமைக் கப்பலில் நெரிசல் என்பதால் சிறகுகளைக் கழற்றிவிட்டு வந்தார்கள். வயலில் முதுகில் குழந்தையோடு நிற்கும் சாராவைக் கங்காணி சவுக்கால் அடிக்கிறான். டோபி என்ற முதியவர் பழைய மந்திரச் சொற்களைச் சொல்கிறார். அவள் எழும்பிப் பறக்கிறாள். "பறக்கத் தெரியாதவங்க?" என்று என் மகள் கேட்டாள். அவர்களுக்குக் கற்றுக்கொடுக்க டோபிக்கு நேரமில்லை. தரையில் நின்று பார்த்த அவர்கள்தான் பின்னாளில் தங்கள் பிள்ளைகளிடம் இதைச் சொன்னார்கள்.

இந்த ஒரு கதை மட்டும் 2004-இல் லியோ, டயேன் தில்லன் தம்பதியின் வண்ண ஓவியங்களோடு தனிப் படப் புத்தகமாக வந்தது. ஆறேழு வயதுக்கு அதிலிருந்து தொடங்கலாம். பத்து வயதாகிவிட்டால் நேராக 1985 தொகுப்புக்கே போய்விடுங்கள். அதன் கறுப்பு வெள்ளைப் படங்களும் இவர்கள் வரைந்தவைதான்.