பவுன்ஸ் மெயிலுக்கு செட்டப் பண்ணித் தாரேன்னு வந்து என் ஆர்டரையே முழுங்கிட்டாப்ல

மண்டபத்துல கருவாட்டு யாவாரம் நமக்கு. நெத்திலி, சீலா, திருக்கைனு காயவச்சு பார்சல்ல அனுப்புறது. நாலு வருஷமா வாங்குனவங்க மெயில் ஐடி சேத்து ஒரு 1900 இருக்கும், மாசம் ஒருதடவ சரக்கு வெலய எல்லாருக்கும் போட்டுவிடுவேன். அதுல நெறைய செத்த ஐடி, ஜிமெயில்ல ஒரு எழுத்த விட்டது, வேலய விட்டுப் போனவங்க ஆபீஸ் ஐடி இப்டி. ஒவ்வொரு தடவையும் 550 5.1.1னு, அதாவது அப்டி ஒரு ஐடியே இல்லன்னு போட்டு மெயிலர் டீமன் பேர்ல திரும்பி வந்து குமியும், இதத்தான் பவுன்ஸ் மெயிலும்பாங்க, அதுக்கு நடுவுல ஆர்டர் எங்க இருக்குன்னு தேடணும்.

ராம்நாட்டுக்காரர் ஒருத்தர், பேரு வேணாம், தெரிஞ்சவர் மூலமா வந்தாப்ல. "அண்ணே 2024 பிப்ரவரில இருந்து கூகுள் ரூல் போட்டுருச்சு, இப்டியே அனுப்புனா எல்லாம் ஸ்பேம்க்குதான் போகும்"னு பயம் காட்டுனாப்ல. அந்த கடுமையான ரூலெல்லாம் தினம் 5000 மெயிலுக்கு மேல அனுப்புறவங்களுக்குன்னு பின்னாடிதான் தெரிஞ்சது.

ஆனா அவர் சொன்ன முறை சரியான முறைதான், அதுலதான் நான் விழுந்தேன். திரும்பி வர்ற மெயிலுக்குன்னு தனியா ஒரு மெயில்பாக்ஸ், அனுப்புற மெயில்ல ரிட்டர்ன் பாத்ல (போய்ச் சேராத மெயில் எங்க திரும்பணும்னு சொல்ற எடம்) அந்த ஐடி, ஒரு சாஃப்ட்வேர் அந்த மெயில்பாக்ஸ ஐமேப் வழியா (சர்வர்ல இருக்குற மெயிலப் படிக்கிற முறை) கொஞ்ச நேரத்துக்கு ஒருக்கா தொறந்து பாக்கும், 5ல ஆரம்பிக்கிற கோடுன்னா பெரும்பாலும் ஆளே இல்ல, லிஸ்ட்ல இருந்து தூக்கிரும், 4ல ஆரம்பிச்சா பாக்ஸ் நெறஞ்சிருக்கும் இல்ல சர்வர் பிசி, பெறகு பாக்கலாம்னு விட்டுரும். மொத்தம் 9,500 ரூவா, அதுல 'தனி மெயில்பாக்ஸ்'னு மட்டும் 2,500.

செட்டப் பண்ற அன்னிக்கு நான் வலைல நெத்திலி பரப்பிக்கிட்டு இருக்கேன், கையெல்லாம் உப்பு, மகதான் போனப் புடிச்சுக்கிட்டு நிக்குது. "ஓடிபி வந்துருக்கும் சொல்லுங்கண்ணே"ங்குறாப்ல, வாசிச்சுட்டோம். எதுக்குன்னு கேக்கல பாருங்க, அங்கதான் மோசம் போனேன்.

ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், விசைப்போட்டெல்லாம் கரைல, பச்ச மீன் அவ்வளவா கெடைக்காது, நமக்கு அப்பதான் கருவாடு ஓடும். இந்த வருஷம் ஆர்டர் மெயில் ஒண்ணுகூட வரல. வெல ஏத்துனதாலயோன்னு கிலோவுக்கு 40 ரூவா கொறச்சும் பாத்தேன். ஒருநாள் கோயம்புத்தூர்ல இருந்து பழைய கஸ்டமர் அக்கா போன் போட்டு, "மூணு மெயில் போட்டேன் தம்பி, கடைய மூடிட்டீங்களா?"ன்னாங்க.

மச்சான் மகன் காலேஜ்ல கம்ப்யூட்டர் படிக்கிறான், அவன கூப்ட்டு வெப்மெயில்ல உக்கார வச்சேன். ரெண்டு ஃபோல்டர் புதுசா இருக்கு, ஒண்ணுல பவுன்ஸ் மெயில், இன்னொண்ணு 'இக்னோர்டு', கண்டுக்காம ஒதுக்குனதுன்னு அர்த்தம். அதத் தொறந்தா 63 மெயில். மொதல்ல கண்ணுல பட்டதே, "துபாய் போற பையனுக்கு குடுத்துவிட 3 கிலோ நெத்திலி, 20ஆம் தேதிக்குள்ள வேணும்". அது முடிஞ்சு மூணு வாரம் ஆச்சு.

தனி பாக்ஸுக்கு காசு வாங்கிட்டு, என் ஆர்டர் ஐடியவே அந்த சாஃப்ட்வேருக்கு குடுத்து வச்சிருக்காப்ல. அதுக்கு கருவாடு ஆர்டர்னா என்ன தெரியும், பவுன்ஸ் இல்லாததெல்லாம் ஒதுக்கித் தள்ளிருச்சு.

போன் போட்டா, "அத மாத்த தனி சார்ஜ் 4,000 ஆகும்ணே". சரி நம்மளே பாஸ்வேர்ட மாத்துவோம்னு போனா ரெகவரி நம்பர், அதான் பாஸ்வேர்ட மாத்த கோடு போற போன் நம்பர், அவரோடது! என் நம்பர எடுத்துட்டு அவர் நம்பரப் போடத்தான் அந்த ஓடிபி. நல்லவேளை டொமைன், அதான் மெயில் ஐடில @க்கு அப்புறம் வர்ற பேரு, என் பேர்ல இருந்துச்சு, மெயில் சர்வர் குடுக்குற ஹோஸ்டிங் ஆளுககிட்ட அதுக்கு ஆதாரங் குடுத்து திருப்பி வாங்க ஆறு நாளு. புது மெயில்பாக்ஸ் போட எவ்வளவுன்னு கேட்டா, "உங்க பிளான்லயே ஃப்ரீ சார்"ங்குறாங்க. பய ரெண்டு நிமிஷத்துல போட்டுட்டான். மொதல்ல இல்லாத ஐடி ஒண்ணுக்கு மெயில் அனுப்பி, அது புது பாக்ஸ்லதான் வந்து விழுதான்னு பாத்துட்டுதான் லிஸ்ட்டுக்கே அனுப்புனோம்.

அந்த 63 மெயில் போட்டவங்களுக்கும் போன் போட்டோம், பதினோரு பேரு திரும்ப வாங்குனாங்க, துபாய் வீட்டுக்காரங்க எடுக்கவே இல்ல.

அந்த ராம்நாட்டுக்காரர் இப்ப தேவிபட்டினம் பக்கம் ஒரு கருப்பட்டிக் கடைக்கு வேல பாக்குறாப்லன்னு கேள்வி. அந்தக் கடக்காரர் இதப் படிச்சா இன்னிக்கே ரெகவரி நம்பர் யாருதுன்னு பாத்துருங்கண்ணே.