அப்பலாச்சியன் தடமா, பசிபிக் கிரெஸ்ட் தடமா?

அமெரிக்காவில் 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் முதன்முதலாகத் தேசிய இயற்கைத் தடங்கள் என அறிவிக்கப்பட்டவை இவ்விரண்டு நெடுந்தொலைவு நடைபாதைகளுமே. ஜார்ஜியாவின் ஸ்பிரிங்கர் மலையிலிருந்து மெய்ன் மாநிலத்தின் கட்டாடின் சிகரம் வரை 14 மாநிலங்களைக் கடக்கும் அப்பலாச்சியன் தடம் ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் நீளமுடையது. மெக்சிகோ எல்லையில் தொடங்கிக் கனடா எல்லையைத் தொடும் பசிபிக் கிரெஸ்ட் தடமோ மூன்றே மாநிலங்களுக்குள் சுமார் 4,265 கிலோமீட்டர் நீள்கிறது.

நீளம் குறைந்தது எளிது என்று எண்ணிவிடக் கூடாது. மேற்கிலுள்ள பசிபிக் கிரெஸ்ட் தடம் பொதிக்குதிரைகளும் ஏறத்தக்க மிதமான சரிவில் வளைந்து செல்ல, கிழக்கிலுள்ள அப்பலாச்சியன் தடம் பல இடங்களில் செங்குத்தாகவே ஏறி இறங்குகிறது. நியூ ஹாம்ப்ஷயரின் வெண்மலைகளில் பாறைகளைக் கைகளால் பற்றி ஏற வேண்டியிருப்பதால், அதுவரை விரைந்து நடந்தவர்களும் அங்கே வேகம் இழக்கிறார்கள். மழையும், லைம் நோய் என்னும் பாக்டீரியத் தொற்றைப் பரப்பும் உண்ணிகளும் வேறு. பெரும்பகுதி அடர்ந்த மரநிழலில் கழிவதால் காட்சிக்கு ஏங்குவோர் சலிப்படையலாம். எனினும் 250க்கும் மேற்பட்ட தங்குகுடில்களும் அடிக்கடி எதிர்ப்படும் ஊர்களும் தரும் மனிதத் துணை, முதன்முறை நடப்பவர்க்குப் பெரும் பேறு என்பேன்.

மேற்கில் சோதனை வேறு வகையானது. தெற்குக் கலிபோர்னியாவின் வறண்ட நிலத்தில் பல லிட்டர் நீரைச் சுமந்து நடந்தவர், சில வாரங்களிலேயே சியரா நெவாடா மலைத்தொடரின் பனியில் 4,009 மீட்டர் உயரமுள்ள ஃபாரெஸ்டர் கணவாயைக் கடக்கிறார். கோடையின் இறுதியில் காட்டுத்தீ வழியை மூடிவிடவும் கூடும். திறந்த முகடுகளில் நாள்கணக்கில் கிட்டும் காட்சிகளுக்காக இவற்றைத் தாங்கலாம் என்போர் மேற்கையே தேர்ந்தெடுக்கட்டும்.