டிஏஓவுல ஓட்டு போட்ட கடைமடைக்காரன் அனுபவம்

தலைஞாயிறு பக்கம் நம்ம ஊரு. ஜூன் 12 மேட்டூர் திறந்து பூ தூவுறதை டிவில பாத்துட்டு வாய்க்காலையே பாத்துகிட்டு உக்காந்திருப்போம், தண்ணி வரும், எப்போ எவ்ளோன்னுதான் தெரியாது. கிரிப்டோ கவர்னன்ஸும் கிட்டத்தட்ட அதே கதைதான். டோக்கன் வச்சிருக்கவங்க ஓட்டு போட்டு ஒரு ப்ராஜெக்டை நடத்துறதுதான் அது, அந்த அமைப்புக்கு பேரு டிஏஓ (DAO).

2022 சித்திரையில உளுந்து வித்த காசுல யூனிஸ்வாப்ங்கற கிரிப்டோ மாத்துற தளத்தோட 35 யூனி டோக்கன் வாங்கினேன், கொஞ்ச நாள்லயே டெர்ரா லூனாங்கற கிரிப்டோ விழுந்து மார்க்கெட்டே சரிஞ்சு போச்சு, அது வேற. யூனிஸ்வாப்ல ஒரு தீர்மானம் பாஸ் ஆக ஆதரவா 4 கோடி ஓட்டு விழணும், நம்மகிட்ட 35! முதல் தடவை வேற ஒரு டிஏஓவுல ஓட்டு போடப் போனா பலம் பூஜ்யம்னு காட்டுது. டோக்கன் இருந்தா போதாதாம், ஓட்டு உரிமையை நமக்கு நாமளே டெலிகேட் பண்ணிருக்கணும், அதாவது நம்ம பேருக்கே ஒப்படைக்கணும், அதுவும் ஓட்டெடுப்புக்கு யார்கிட்ட எவ்ளோன்னு கணக்கு எடுக்குற பிளாக்குக்கு (பிளாக்செயின் பதிவுக்கு) முன்னாடியே. அவசரமா பண்ணேன், அந்த ஓட்டு போனது போனதுதான், கேஸ் காசுதான் (பிளாக்செயின்ல பரிவர்த்தனைக்கு கட்டுற கட்டணம்) தண்டம். ஸ்னாப்ஷாட்ங்கற ஓட்டெடுப்பு தளத்துல நடக்குற ஓட்டுக்கு வெறும் கையெழுத்துதான், கேஸ் கிடையாது, புதுசா வர்றவங்க அங்கேந்து தொடங்குங்க.

பெரியப்பாகிட்ட ஓட்டு போட்டேன்னு சொன்னா "எவ்ளோடா குடுத்தான்?"ன்னாரு. சிரிச்சேன், ஆனா கர்வ்ங்கற இன்னொரு கிரிப்டோ மாத்துற தளத்து பக்கம் நெஜமாவே ஓட்டுக்கு காசு உண்டு, வோட்டியம்னு அதுக்குன்னே தளம் இருக்கு, ஒளிவு மறைவே இல்ல.

இப்ப ஒரு ப்ராஜெக்ட் பாத்தா அவங்க திட்டத்தை விளக்குற ஒயிட்பேப்பரை கடைசியாத்தான் தொறக்குறேன். பழைய ஓட்டு கணக்கைத்தான் முதல்ல பாப்பேன், முதல் பத்து வாலெட்லயே முடிவு ஆகிடுதான்னு. தலைமடைக்காரன் மடையை அடைச்சா நாம என்ன பண்ண முடியும்? அப்புறம் தீர்மானம் பாஸ் ஆனதுக்கும் அமலாகுறதுக்கும் நடுவுல எத்தனை நாள் இடைவெளின்னு பாப்பேன். 2022 ஏப்ரல்ல பீன்ஸ்டாக்ங்கற கிரிப்டோ ப்ராஜெக்ட்ல ஒருத்தன் ஃப்ளாஷ் லோன் (அடமானம் இல்லாம வாங்கி அதே பரிவர்த்தனையில திருப்பிக் கட்டுற கடன்) வாங்கி ஓட்டு பலத்தை சேத்து, அதே பரிவர்த்தனையில தீர்மானத்தை பாஸ் பண்ணி பெட்டியை காலி பண்ணிட்டான், சுமார் 18 கோடி டாலர் நஷ்டம். ஆர்பிட்ரம்ங்கற பிளாக்செயின் நெட்வொர்க்ல 2023ல 75 கோடி டோக்கனை அதோட ஃபவுண்டேஷனுக்கு குடுக்கவான்னு ஓட்டு கேட்டாங்க, ஓட்டு முடியறதுக்குள்ளயே 5 கோடி நகர்ந்திருந்துச்சு, இதென்ன பேருக்கு ஓட்டான்னு ஜனம் சத்தம் போட்டதும் தீர்மானத்தை பிரிச்சு திருப்பி கொண்டாந்தாங்க. கடைமடைச் சத்தம் எடுபட்டதை நான் பாத்தது அங்கதான்.

லாபம் வந்தா 30 சதவீதம் வரி, வித்தாலே 1 சதவீதம் டிடிஎஸ், ஒண்ணுல விட்டதை இன்னொண்ணுல கழிக்கவும் முடியாது. அதனால காசுக்காக இதுல வராதீங்க.

நடவு நேரத்துல எனக்கு படிக்க எங்க நேரம், அதனால ஒவ்வொரு ஓட்டுக்கும் காரணம் எழுதுற ஒரு ஆளுக்கு டெலிகேட் பண்ணிருக்கேன். முன்னாடி இருந்தவரு மூணு ஓட்டு தொடர்ந்து போடாம விட்டாரு, மாத்திட்டேன்.