சொந்தப் பட்டறையா, ஜாப் ஒர்க்கா? பொருளும் இடமும் வடிவமைப்பவர்களுக்கு ஒரு கணக்கு

நாற்காலி, விளக்கு, கடையின் உள்ளமைப்பு, கண்காட்சி அரங்கு, பெயர்ப்பலகை என்று எல்லாவற்றையும் ஒரே ஆள் வடிவமைக்கும் தொழிலில், வேலைகள் சேரச் சேர ஒரு கேள்வி வந்து நிற்கும். மெஷின் வாங்கிப் போட்டுச் சொந்தமாகப் பட்டறை வைப்பதா, எல்லாவற்றையும் ஜாப் ஒர்க்காக, அதாவது கூலிக்குச் செய்து தரும் வெளிக்கடைகளிடம் கொடுத்தே செய்வதா? சென்னையில் இருந்து வேலை செய்யும் நான் இரண்டாவதைத் தேர்ந்தேன், ஒரு திருத்தத்தோடு: செய்வது வெளியே, பாகங்களைச் சேர்த்துப் பூட்டிப் பார்க்கும் இடம் மட்டும் நம்முடையது. கீழே வருவது அந்தச் சாய்வோடு எழுதியதுதான்.

முதலீடு, வாடகை, மின்கட்டணம், ஆள் சம்பளம் எல்லாம் யாரும் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு. அதை விட்டுவிடுகிறேன்.

சொந்தப் பட்டறையின் பெரிய லாபம் வேகம். காலையில் வரைந்த மூட்டு ஒன்றை மதியம் மரத்தில் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் மாலைக்குள் மாற்றலாம். வெளியே கொடுத்தால் அதே திருத்தத்துக்கு நாலைந்து நாள் ஆகும். பட்டறை வேண்டும் என்பவர்கள் உடனே காட்டும் உதாரணம், நாற்காலிகளுக்குப் பெயர்போன அமெரிக்க வடிவமைப்பாளர்கள் சார்ல்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியின் அலுவலகம். கலிஃபோர்னியாவில் வெனிஸ் பகுதியின் 901 வாஷிங்டன் புலவார்டில் 1943 முதல் 1988 வரை இயங்கிய அந்த இடத்துக்குள்ளேயே பட்டறை இருந்தது உண்மை. ஆனால் அங்கே நடந்தது மாதிரி செய்வதும் சோதிப்பதும். நாற்காலிகளை எண்ணிக்கையில் செய்து விற்றது ஹெர்மன் மில்லர் போன்ற நிறுவனங்கள். அந்த உதாரணம் பெரிய பட்டறைக்கு ஆதாரம் ஆகாது, மாதிரி செய்யும் மேசைக்குத்தான் ஆதாரம்.

பட்டறையில் எனக்குள்ள பெரிய ஆட்சேபம், மெஷின் நம் வடிவத்தை இழுத்துக்கொண்டு போய்விடும் என்பது. பிளைவுட் ஷீட்டை நேராக அறுக்கும் ஸ்லைடிங் பேனல் சா ஒன்று வாங்கிப் போட்டால், அதற்குத் தீனி போடுவதற்காகவே அடுத்த வேலைகள் எல்லாம் பிளைவுட்டில் யோசிக்கப்படும். ஒரு வேலை வார்ப்பு, அடுத்தது வளைத்த தகடு, அதற்கடுத்தது பிரம்பு என்று போகும் தொழிலில் இது நேரடி நஷ்டம். அந்த மெஷின் கேட்கும் இடமும் கொஞ்சமல்ல. 8 அடி ஷீட்டை முழுதாக அறுக்க, பிளேடுக்கு முன்னே ஒரு ஷீட் நீளமும் பின்னே ஒரு ஷீட் நீளமும் காலியாக இருக்க வேண்டும். பக்கவாட்டில் ஆள் நடக்க வழி வேண்டும். இதோடு தூசி உறிஞ்சி, மும்முனை மின்சாரம், பிளேடை அடிக்கடி சாணை பிடிக்கும் செலவு. பிளைவுட்டின் பசை கார்பைட் பல்லையே மழுக்கிவிடும். பல் மழுங்கினால் லேமினேட் ஓரம் பிய்ந்து வெள்ளையாகத் தெரியும்.

கண்ணாடிக் குழாய் வைத்த சிஓ2 லேசரும் இப்படித்தான். அக்ரிலிக்குக்கும் மெல்லிய பிளைவுட்டுக்கும் அருமையான மெஷின். ஆனால் குழாய் சும்மா கிடந்தாலும் வயதாகும். குளிர்விக்கும் தண்ணீர், லென்ஸ், கண்ணாடிகளை யாராவது கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதில் பிவிசி ஷீட்டை வைத்தால் வரும் ஹைட்ரஜன் குளோரைடு வாயு ஆளையும் கெடுக்கும், மெஷினையும் துருப்பிடிக்க வைக்கும். மாதத்தில் சில நாள் மட்டும் ஓடும் மெஷினுக்கு இவ்வளவு கவனிப்பு கட்டுப்படியாகாது.

ஜாப் ஒர்க் பக்கம் வந்தால், சென்னையின் அம்பத்தூர், கிண்டி போன்ற இடங்களில் தொழில் தெரிந்தவர்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார்கள். தகடு அறுக்கும் ஃபைபர் லேசர், தகடு வளைக்கும் சிஎன்சி பெண்டிங், டிக் வெல்டிங், வண்ணப் பவுடரைப் பூசி அடுப்பில் சுடும் பவுடர் கோட்டிங் எல்லாம் தனித்தனிக் கடைகள். நாம் வாங்க நினைத்துக்கூடப் பார்க்க முடியாத மெஷினை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுப்பதுபோல் பயன்படுத்தலாம். ஆனால் ஒவ்வொரு கடைக்கும் ஒரு குணம் உண்டு, அது தெரிந்து வரைய வேண்டும்.

லேசருக்குப் போகும் டிஎக்ஸ்எஃப் (கணினி வரைபட) ஃபைல் ஒன்றுக்கு ஒன்று அளவில், மில்லிமீட்டரில் இருக்க வேண்டும். ஒரே கோடு இரண்டுமுறை மேல்மேலே படிந்திருந்தால் மெஷின் இரண்டுமுறை அறுக்கும், ஓரம் கருகும். துளையின் விட்டத்தைத் தகட்டின் தடிமனுக்குக் குறையாமல் வையுங்கள். வளைக்கும் கோட்டுக்கு மிக அருகில் துளை வைத்தால் வளைந்தபின் அது முட்டை வடிவமாகிவிடும். 2 மி.மீ. தகட்டில் கோட்டிலிருந்து துளையின் ஓரம்வரை 7, 8 மி.மீ. விடுவது என் பழக்கம். பவுடர் கோட்டிங் கடையில் முதலில் கேட்க வேண்டியது விலையை அல்ல, அடுப்பின் உள்நீளத்தை. ஃபிரேம் அதற்குள் போகாவிட்டால் இரண்டாக்கிப் போல்ட் போட வேண்டும், அதை வரையும்போதே முடிவு செய்ய வேண்டும். ஸ்கொயர் டியூப் ஃபிரேமில் எல்லா முனையையும் வெல்ட் வைத்து மூடிவிட்டால், கழுவும் தொட்டியின் திரவம் சிறு ஓட்டை வழியாக உள்ளே போய்த் தங்கும். கோட்டிங் முடிந்தபின் மூட்டில் கசிந்து கறையாகத் தெரியும். கண்ணில் படாத அடிப்பக்கத்தில் 6 மி.மீ. வடிதுளை ஒன்றிரண்டு போட்டால் தீர்ந்தது.

இதெல்லாம் பழகிக்கொள்ளக்கூடியவை. ஜாப் ஒர்க்கில் உண்மையில் வேலையைக் கெடுப்பது பொருத்தம். தேர்வைத் தீர்மானிக்கிற விஷயமும் அதுதான். ஒவ்வொரு கடையும் தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கும், ஆனால் இரண்டு கடைப் பொருள் சேரும் இடத்தில் இடிக்கும். யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். அவரவர் கையில் இருக்கும் டிராயிங்படி அவரவர் செய்தது சரி.

ஒரு சாதாரணக் கடை அலமாரியை எடுத்துக்கொள்ளுங்கள். 25x25x1.6 ஸ்கொயர் டியூப் ஃபிரேம், அதற்குள் உட்காரும் 18 மி.மீ. பிளைவுட் தட்டு. டிராயிங்கில் ஃபிரேமின் உள்ளகலம் 900, தட்டும் 900. வெல்டிங் சூடு ஆறும்போது ஃபிரேம் உள்ளே இழுக்கும், ஒன்று ஒன்றரை மி.மீ. போய்விடும். பவுடர் பூச்சு பக்கத்துக்கு 60 முதல் 80 மைக்ரான், அதனால் குறைவது கொஞ்சம்தான். ஆக நிஜத்தில் உள்ளகலம் சுமார் 898.5. இந்தப் பக்கம் தட்டை 900க்கு வெட்டி, இரு ஓரத்திலும் 0.8 மி.மீ. எட்ஜ் பேண்ட் (ஓரத்தை மூடும் பட்டை) ஒட்டினால் 901.6 ஆகிறது. மூன்று மி.மீ. இடிக்கிறது. மரவேலைக்காரர்கள் பேச்சில் ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பாகம். வெல்டருக்கு ஒரு நூல் பிழையே இல்லை.

அதோடு சைட்டுக்குப் போனால் என்ன நடக்கும்? ஆசாரி எட்ஜ் பேண்டைச் சீவி எறிந்துவிட்டு ஓரத்தை இழைத்து நுழைப்பார். மூடாத பிளைவுட் ஓரம் வெளியே தெரியும், துடைக்கும் ஈரத்தில் நாளடைவில் உப்பும். அல்லது சுத்தியால் தட்டி நுழைப்பார்கள், பவுடர் பூச்சு மூலையில் பெயர்ந்து, கடற்காற்றுள்ள ஊரில் அங்கிருந்துதான் துரு கிளம்பும்.

வெட்டு அளவை 895 என்று எழுதிவிட்டால் போதுமே என்று தோன்றும். எட்ஜ் பேண்டோடு 896.6, பக்கத்துக்கு ஏறத்தாழ ஒரு மி.மீ. இடைவெளி. ஒரே ஒரு அலமாரி என்றால் போதும். பதினைந்து ஃபிரேம் வரும்போது ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி இழுத்திருக்கும். தடிமனிலும் இதே கதை: 18 என்று வாங்கும் பிளைவுட் 17.3 இருக்கலாம், மேலே 1 மி.மீ. லேமினேட், கீழே பலகை வளையாமலிருக்க 0.8 பேலன்சிங் லேமினேட், பசை என்று 19ஐத் தாண்டிப் போய் நிற்கும். தட்டு நுழைய 19 மி.மீ. காடி (பள்ளம்) வைத்திருந்தால் நுழையாது. இதற்கு நம்பகமான வழி வேலையின் வரிசையை மாற்றுவதுதான். முதலில் இரும்பு. அது கோட்டிங் முடிந்து திரும்பி வரட்டும். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் எண் போட்டு, முன்னே, நடுவே, பின்னே என்று மூன்று இடத்தில் அளந்து, குறைந்த அளவிலிருந்து இடைவெளிக்கும் எட்ஜ் பேண்டுக்கும் கழித்து, பிறகு மரத்துக்கு வெட்டு அளவு கொடுக்க வேண்டும். இரண்டு மூலைவிட்டமும் 2 மி.மீ.க்குமேல் வேறுபட்டால் கோட்டிங் போகும் முன்பே ஃபிரேமைத் திருப்பி அனுப்ப வேண்டும். கோட்டிங் ஆனபின் தட்டி நிமிர்த்த முடியாது.

இந்த வரிசைக்கு ஃபிரேம்களைச் சில நாள் நிறுத்தி வைக்க ஓர் இடம் வேண்டும். முழு ஜாப் ஒர்க் என்று போகிறவர்களிடம் அது இருக்காது. வெல்டர் கடையிலிருந்து கோட்டிங்குக்கு, அங்கிருந்து நேராக சைட்டுக்கு என்று பொருள் ஓடும், முதல் பொருத்தம் வாடிக்கையாளர் கண்முன்னே நடக்கும். அதனால்தான் பூட்டிப் பார்க்கும் இடத்தை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்கிறேன்.

அந்த இடம் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. 400 சதுர அடி, டெம்போ பின்பக்கமாக வந்து நிற்கும் வாசல், மட்டம் பார்த்துப் போட்ட 8x4 இரும்பு மேசை ஒன்று. ஒற்றை முனை மின்சாரத்தில் ஓடும் கருவிகள் மட்டும்: 13 மி.மீ. டிரில் ஸ்டாண்ட், மைட்டர் சா, டிரிம் ரவுட்டர், ஆர்பிட்டல் சாண்டர், மெல்லிய குழாயில் மரை பதிக்கும் ரிவெட் நட் கன், மரை வெட்டும் எம்6, எம்8 டேப், டிஜிட்டல் வெர்னியர், பெரிய மூலைமட்டம், டஜன் கிளாம்ப். எம்6 ரிவெட் நட்டுக்குப் பொதுவாக 9 மி.மீ. துளை, தயாரிப்பாளர் அட்டவணையை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பவுடர் மரையை அடைக்காதபடி சிலிகோன் அடைப்பான் போட்டு அனுப்ப வேண்டும். மரத்தோடு சேரும் இரும்பில் வட்டத்துளை வேண்டாம், 7x10 நீள்துளை வையுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையில் உப்பும் தேக்குப் பலகை கோடையில் சுருங்கும்போது அந்த 3 மி.மீ.தான் பலகை பிளக்காமல் காப்பாற்றும்.

காகித வேலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர் தகட்டையோ பிளைவுட்டையோ தானே வாங்கி ஜாப் ஒர்க்குக்கு அனுப்பினால் டெலிவரி சலான் வேண்டும், அந்தப் பொருள் ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும். தவறினால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கணக்காகும். மீந்த துண்டுகளை வெல்டர் கடையிலேயே மறந்துவிடுகிறவர்களுக்கு இது பின்னால் தலைவலி.

கைவினை சேர்ந்த வேலைகளில் ஒப்பீடு கொஞ்சம் மாறும். சுவாமிமலை ஸ்தபதியிடம் கைப்பிடி வார்க்கக் கொடுத்தால் அதை ஜாப் ஒர்க் என்று நினைத்து ஃபைல் அனுப்பிப் பயனில்லை. மெழுகிலோ மரத்திலோ செய்த மாதிரியைக் கையில் கொடுக்க வேண்டும், ஆறும்போது உலோகம் சுருங்கும் அளவைச் சேர்த்து மாதிரியைச் சற்றுப் பெரிதாகச் செய்ய வேண்டும், முதல் வார்ப்பு வந்தபின்தான் கதவில் துளை போட வேண்டும். இரும்பு முதலில், மரம் பிறகு என்ற அதே வரிசைதான். செராமிக், ஊதிய கண்ணாடி பக்கம் என் வேலை அதிகம் போனதில்லை. சூளையைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவருக்கு அங்கே சொந்தப் பட்டறையே சரியாக இருக்கலாம், என் சாய்வை அதற்கு நீட்ட மாட்டேன்.

என் முடிவு தலைகீழாகும் ஓர் இடம் உண்டு. ஒரே விளக்கோ ஸ்டூலோ மாதாமாதம் ஒரே அளவில் விற்கத் தொடங்கினால், அந்த ஒரு பொருளுக்கான மெஷின் வாங்கலாம். அப்போதும் வெட்டும் மெஷினை முதலில் வாங்காதீர்கள். ஜிக் (துளையின் இடத்தைப் பிசகாமல் காட்டும் அச்சு) வைத்துத் துளையிடும் டிரில்லில் தொடங்குங்கள். துளை எல்லாப் பொருளிலும் ஒரே இடத்தில் விழுந்தால், வெளியே வெட்டி வரும் பாகங்களில் இருக்கும் ஒன்றிரண்டு மி.மீ. வேறுபாட்டைப் பூட்டும்போது சமாளித்துவிடலாம்.