எழுபது வயதில் பருவ அலர்ஜி: பல சீசன்கள் பார்த்த பிறகு எது தேறியது

முதலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். என் தும்மலையும் மூக்கடைப்பையும் அதிகம் அடக்கியது மாத்திரை இல்லை, மூக்கில் அடித்துக்கொள்ளும் ஸ்டீராய்டு ஸ்பிரே. மாத்திரை அதற்குத் துணை. உப்புநீரில் மூக்கைக் கழுவுவது மூன்றாவது இடம்தான், ஆனாலும் மூன்றில் என் மனதுக்குப் பிடித்தது அதுதான்.

எனக்கு வயது எழுபதுக்கு மேல். ரத்த அழுத்த மாத்திரை தினமும் உண்டு, புராஸ்டேட் வீக்கமும் உண்டு. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அலர்ஜி மருந்துகளைப் பற்றிப் படிக்கக் கிடைப்பதில் பாதி, வேறு எந்த மருந்தும் சாப்பிடாத முப்பது வயதுக்காரர்களை மனதில் வைத்து எழுதியது. அவர்கள் உடம்பு தாங்குவதை நம் உடம்பும் தாங்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

ஸ்பிரேயில் நான் பயன்படுத்தியவை இரண்டு: புளூட்டிகசோன், மொமெட்டசோன். பலனில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. புளூட்டிகசோனில் லேசாக ஒரு பூ வாசனை வந்தது. மகரந்தம் ஆகாதவனுக்குப் பூ மணக்கும் மருந்து, யார் யோசனையோ! மொமெட்டசோனில் அது இல்லை, அதனால் அதிலேயே நின்றுவிட்டேன். ஸ்பிரேயைக் கைவிடுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு காரணம் சொல்வார்கள். ஒன்று, அடித்த உடனே ஒன்றும் தெரியவில்லை என்பது. தெரியாதுதான், இது வீக்கத்தை மெல்ல மெல்லக் குறைக்கும் மருந்து, முழுப் பலன் வர ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். அதனால் சீசன் ஆரம்பிக்க இரண்டு வாரம் இருக்கும்போதே தொடங்கிவிடுகிறேன். தும்மல் வரட்டும், பார்க்கலாம் என்று காத்திருந்தால் பாதி சீசன் போய்விடும்.

இன்னொரு காரணம் மூக்கில் ரத்தம் கசிவது. வயதாக ஆக மூக்கின் உள்தோல் மெலிந்து வறண்டுபோகிறது. ஆஸ்பிரின் மாதிரி ரத்தத்தை இளக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களுக்குக் கசிவு இன்னும் எளிது. இதற்கு அடிக்கும் விதம் முக்கியம். வலது கையால் இடது துவாரத்தில், இடது கையால் வலது துவாரத்தில் அடிக்க வேண்டும். அப்போது முனை தானாகவே நடுச்சுவரை விட்டு விலகிக் காது பக்கம் திரும்பும். தலையைச் சற்றுக் குனிந்துகொண்டு மெதுவாக உறிஞ்சினால் போதும். பலமாக இழுத்தால் மருந்து தொண்டைக்குப் போய்விடும். கண் அழுத்தமோ புரையோ இருப்பவர்கள் ஸ்பிரே போடுவதைக் கண் மருத்துவரிடம் சொல்லி வைப்பது நல்லது.

மாத்திரை விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. குளோர்பெனிரமின், டைபென்ஹைட்ரமின் போன்ற பழைய தலைமுறை மருந்துகள் இன்றும் பல சளி மாத்திரைகளிலும் இருமல் மருந்துகளிலும் ஒளிந்திருக்கின்றன. இவை மூளைக்குள் போகும், அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தின் வேலையையும் தடுக்கும். தூக்கக் கலக்கம், வாய் வறட்சி, மலச்சிக்கல், மனக் குழப்பம், சிறுநீர் அடைப்பு எல்லாம் அதன் விளைவுதான். முதியவர் உடம்பிலிருந்து இவை வெளியேறவும் நேரமாகும். எனக்கு இரவில் போட்ட மாத்திரையின் மந்தம் மறுநாள் மதியம் வரை இருந்தது. சிறுநீர் கழிக்கப் பெரிய பாடு. முதியவர்கள் தவிர்க்க வேண்டிய மருந்துகளுக்கென்று பீர்ஸ் பட்டியல் என ஒன்று உண்டு. 1991-இல் மார்க் பீர்ஸ் என்ற மருத்துவர் தொடங்கியது. இப்போது அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் புதுப்பித்து வருகிறது. 2023 பதிப்பிலும் இந்தப் பழைய மருந்துகள் தவிர்க்க வேண்டியவையாகவே இருக்கின்றன. அட்டையைத் திருப்பி உள்ளே என்ன இருக்கிறது என்று படிக்கும் பழக்கம் எனக்கு அதிலிருந்து வந்ததுதான்.

புதிய தலைமுறையில் செட்டிரிசின் எனக்கு நன்றாகவே வேலை செய்தது, ஆனால் லேசான அசதி. லோராட்டடின் அசதி தரவில்லை, அரிப்பையும் அவ்வளவாகக் குறைக்கவில்லை. கடைசியில் தங்கியது பெக்ஸோபெனடின். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: பழச்சாறோடு விழுங்கக் கூடாது, உடம்பில் சேரும் அளவு குறைந்துவிடும். அலுமினியமும் மக்னீசியமும் உள்ள நெஞ்செரிச்சல் மருந்தோடும் அப்படித்தான். சிறுநீரகம் மந்தமாக இருப்பவர்களுக்கு செட்டிரிசின், பெக்ஸோபெனடின் இரண்டிலும் அளவு குறைக்க வேண்டியிருக்கும். செட்டிரிசினை நீண்ட காலம் தினமும் சாப்பிட்டுவிட்டு நிறுத்தினால் சிலருக்குக் கடும் அரிப்பு வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025-இல் எச்சரித்தது. அரிதுதான், ஆனால் அந்த அரிப்பைப் பார்த்து அலர்ஜி திரும்பிவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது.

மூக்கடைப்பை உடனே திறக்கும் மருந்துகள் என் வீட்டில் இல்லை. சூடோஎபிட்ரின் ரத்த அழுத்தத்தை ஏற்றும், புராஸ்டேட் தொல்லையைக் கூட்டும், தூக்கத்தையும் கெடுக்கும். பினைல்எப்ரினை மாத்திரையாக விழுங்கினால் அடைப்புக்குப் பலனில்லை என்று 2023-இல் அதே அமெரிக்க அமைப்பின் ஆலோசனைக் குழு ஒருமனதாகச் சொல்லிவிட்டது. ஆக்ஸிமெட்டாசோலின் சொட்டு மருந்து மூன்று நாளுக்கு மேல் போனால் அடைப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பும். வட்டிக்கு வாங்கிய கடன் மாதிரி.

உப்புநீர்க் கழுவலுக்கு வருவோம். மருந்தே இல்லை, எந்த மாத்திரையோடும் சண்டை போடாது. வெளியே போய் வந்ததும் கழுவினால் உள்ளே ஒட்டிய மகரந்தம் போய்விடும், கொஞ்சம் கழித்து அடிக்கும் ஸ்பிரேயும் நன்றாகப் படியும். தண்ணீரில் மட்டும் சமரசம் வேண்டாம்: கொதிக்க வைத்து ஆறியதோ, காய்ச்சி வடித்ததோதான். குழாய்த் தண்ணீரில் மூளையைத் தாக்கும் அமீபா இருக்க வாய்ப்புண்டு; குடித்தால் ஒன்றும் ஆகாது, மூக்கு வழியாகப் போனால் ஆபத்து. கழுவும் பாத்திரத்தையும் ஒவ்வொரு முறையும் சுத்தம் செய்து காயவைக்க வேண்டும். அலுப்பான வேலை, ஒத்துக்கொள்கிறேன்.

முகக்கவசம், சன்னலை மூடுவது, வெளியே போன உடையைப் படுக்கையறைக்குக் கொண்டுவராமல் இருப்பது, எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் உதவின. மழை பெய்தால் மகரந்தம் அடங்கும் என்பது சாதா மழைக்குச் சரி. இடியோடு வரும் புயல்காற்று மகரந்தத்தை நுண்ணிய துகள்களாக உடைத்துவிடும். 2016 நவம்பரில் மெல்போர்னில் அப்படி ஒரு மாலையில் ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறி மருத்துவமனைக்குப் போனார்கள், பத்துப் பேர் இறந்தார்கள். இடி கேட்டால் நான் சன்னலைச் சாத்திவிடுவேன்.

இத்தனைக்கும் அடங்காத ஒன்று, சாப்பிடும்போது தண்ணீராக மூக்கு ஒழுகுவது. அது அலர்ஜியே இல்லை, வயதோடு வரும் நரம்புச் சமாச்சாரம் என்றார் மருத்துவர். வறட்டு இருமல் இருந்தால் ரத்த அழுத்த மாத்திரையையும் சந்தேகப்பட வேண்டும் என்றார். எனலாப்ரில் வகை மருந்துகளுக்கு அந்தக் குணம் உண்டாம். ஒழுகலுக்கு இப்ராட்ரோப்பியம் என்று தனி ஸ்பிரே இருக்கிறது. புராஸ்டேட் வீக்கம் இருப்பவர்கள் அதைக் கவனமாகப் பயன்படுத்த வேண்டும் என்பதால் நான் இன்னும் தொடவில்லை. இப்போதைக்குக் கைக்குட்டையே சமாளிக்கிறது.